நாலணா வலி

முழங்கால் வலியை அணாவில் அளப்பது என்று தீர்மானித்தது ஒச்சம்மாள்தான். மகன் மலையாண்டி முதலில், "பத்துக்கு எத்தனைன்னு சொல்லும்மா" என்றுதான் கேட்டான். பகலில் மில்லிலும் மாலையில் கல்லூரியிலும் எண்களோடு புழங்குகிறவனுக்குப் பத்து சுலபமாக இருந்தது. ஒச்சம்மாளுக்கு அது பிடிபடவில்லை.

"பத்துக்குன்னா எனக்கு என்னடா தெரியும். உசுரு போற வலின்னா ஒரு ரூவா, பதினாறணான்னு வச்சுக்க. இன்னிக்குப் பன்னெண்டணா."

அணா ஒழிந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. ஐம்பத்தாறு வயது ஒச்சம்மாளின் வாயில் அது இன்னும் செல்லுபடியாகிக்கொண்டுதான் இருந்தது. மலையாண்டி நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு கிழித்து மூன்று பத்திகள் போட்டான்: தேதி, அன்று மெஷின் உண்டா இல்லையா, எத்தனை அணா. முதலில் பென்சிலில் எழுதுவான். மறுநாள் படித்துப் பார்த்து, சரியாகத்தான் எழுதியிருக்கிறோம் என்று தோன்றினால் அதன்மேல் பேனாவை ஓட்டுவான். தோன்றாவிட்டால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. அவனுடைய நாட்குறிப்பும் அப்படித்தான். அதில் கேள்விக்குறி இல்லாத பக்கத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மெஷின் வந்த கதை இது. கல்லுப்பட்டிப் பக்கத்தில் காடுகரை என்று நடந்துகொண்டிருந்தவள் ஒச்சம்மாள். புருஷன் போனபிறகு, ஒற்றைப் பிள்ளையோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று செல்லூருக்கு வந்து ஒரு அறை வீட்டில் குடியேறினாள். வந்த இரண்டாவது வருஷம் கார்த்திகையில் குழாயடியில் வழுக்கி, இடது கையை ஊன்றினாள். ஊன்றியதற்கே மணிக்கட்டு முறிந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் கட்டுப்போட்ட டாக்டரம்மா, எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மலையாண்டிக்குக் காட்டினார்.

"எலும்பு ரொம்ப இளைச்சிருக்கு தம்பி. முழங்கால்ல தேய்மானமும் இருக்கு. கை கூடிரும், கவலை இல்ல. இன்னொரு தடவை விழுந்து இடுப்பு உடைஞ்சா, இந்த வயசுல எந்திரிச்சு நடக்கறது கஷ்டம். அதுதான் பயம்."

பால், கேழ்வரகு, கருவாடு, சுண்ணாம்புச் சத்து மாத்திரை, தினம் அரை மணி நேர நடை. இவ்வளவுதான் அவர் சொன்னது. ஒச்சம்மாளை ஸ்டூலில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்காரச் சொல்லி எண்ணினார். ஐந்து முறை. அதையும் சீட்டில் எழுதினார். கட்டுப் பிரித்து இரண்டு மாதம் கழித்துக் கூட்டிவரச் சொன்னார்.

ஒச்சம்மாளுக்கு அந்த வைத்தியம் வைத்தியமாகவே தெரியவில்லை. "நடந்து நடந்துதான தேஞ்சுபோச்சு. அதுக்கு மருந்து நடையா?" என்றாள்.

மாலைக் கல்லூரியில் அவன் பக்கத்து பெஞ்சு சந்தானம், சௌராஷ்டிரக்காரன், எதையும் சிரிக்காமல் சொல்லமாட்டான். "மாப்ள, எங்க மாமா ஒரு மெஷின் செஞ்சிருக்காரு. காந்த வளையம். காலை உள்ள விட்டா எலும்பு கேக்காமலே வளரும். அத்தையோட கால் ஒடைஞ்சு ஒன்பது மாசமா ஒட்டாமக் கெடந்துச்சு, இப்ப என்னை வெரட்டி வெரட்டி அடிக்குது" என்றான்.

மாமா பெயர் ஜனகராஜ். சிம்மக்கல் பின்சந்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் வீடு. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் படம் பார்த்து, தானே செம்புக்கம்பி சுற்றி, சல்லடை அளவில் வளையங்கள் செய்து பச்சைத் துணி போர்த்தியிருந்தார். ரேடியோ போல ஒரு மரப்பெட்டி, ஒரு திருகு, ஒரு சிவப்பு பல்பு. போட்டால் வண்டு முரல்வதுபோல் மெல்லிய சத்தம் வரும். வளையத்துக்குள் காலை நீட்டி ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். சூடும் இல்லை, சுருக்கும் இல்லை. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை என்பது மலையாண்டிக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் பெட்டியைத் திறந்து காட்டினார்.

"பொம்பளைங்களுக்கு செவ்வாய், வெள்ளி. நாப்பது சிட்டிங். அது முடியுற வரைக்கும் காலுக்கு முழு ஓய்வு குடுக்கணும் தம்பி, நடையே வேணாம். மாத்திரையையும் நிறுத்திருங்க. ரெண்டையும் சேத்துச் செஞ்சா எது வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்?"

இந்தக் கடைசி வார்த்தை மலையாண்டிக்குப் பிடித்துப்போயிற்று. மில்லில் அவனுக்கு நூல் சோதிக்கும் வேலை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது அங்கே பாலபாடம். சரி என்றான். தைப் பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை அம்மாவை ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்பினான். முந்தின நாள் சாயங்காலமே நோட்டைத் தொடங்கியிருந்தான்.

தினமும் ஐந்து மணி சுமாருக்கு மில் விட்டு வந்து, அம்மா கொடுக்கும் காப்பியைக் குடித்துக்கொண்டே கேட்பான். அவள் சொல்வாள். எழுதிவிட்டு ஆறு மணி வகுப்புக்கு ஓடுவான். மூன்று வாரத்திலேயே கணக்கு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. மெஷின் இல்லாத நாளில் பத்தணா, பன்னிரண்டணா. மெஷினில் உட்கார்ந்த நாளில் நாலணா, மிஞ்சினால் ஐந்து. எட்டு வாரத்தில் ஒரு வாரம்கூடத் தப்பவில்லை. மலையாண்டி சராசரி போட்டான். தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று மறுபடி போட்டான். வரைதாளில் குறித்தபோது, வாரத்துக்கு இரண்டு பள்ளம் விழுந்த கோடு வந்தது.

ஜனகராஜ் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். வாசலில் நின்று பார்த்தார், உள்ளே கொண்டுபோய் விளக்கடியில் பார்த்தார். "தம்பி, நான் வாயால சொன்னா நம்பாதவங்க இதைப் பாத்தா நம்புவாங்க. நாப்பதும் முடிஞ்சதும் இந்த நோட்டை எனக்குக் குடுங்க. கண்ணாடி போட்டு மாட்டுறேன்" என்றார்.

செய்தி ஊருக்கும் போயிற்று. பெரியம்மா இருளாயி கல்லுப்பட்டியிலிருந்து ஆள் மூலம் சொல்லியனுப்பினாள்: மலையாண்டி கணக்குப் போட்டுச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், பங்குனி கழித்து நாங்கள் மூன்று பேர் வருகிறோம். அன்றைய நாட்குறிப்பில் அவன், 'என்னை நானே இவ்வளவு நம்பவில்லையே' என்று எழுதினான். பேனாவிலேயே எழுதினான்.

அந்த வருஷம் மழை பொய்த்து, மின்வெட்டு தலைவிரித்து ஆடியது. ஒன்பதாவது வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒச்சம்மாள் வழக்கம்போல "நாலணாதான்டா" என்றாள். அவன் எழுதினான். டம்ளரை வாங்கிக்கொண்டே அவள், "இன்னிக்கு அங்க கரண்டு இல்ல. சும்மா பேசிக்கிட்டு இருந்துட்டு வந்தேன். நாளைக்கு வரச் சொன்னாக" என்றாள்.

போன வெள்ளியின் பலன் மிச்சம் இருக்கிறது போலும் என்று நினைத்தான். மறுநாள் புதன்கிழமை முழு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். சாயங்காலம் கேட்டான்.

"பன்னெண்டணா."

"மெஷின்ல உக்காந்தியாம்மா?"

"உக்காராம? பல்பு எரிஞ்சுச்சு, சத்தம் வந்துச்சு, எல்லாம் வந்துச்சு."

இரண்டு வரிக்கும் எதிரில் கேள்விக்குறி போட்டான். வகுப்பில் சந்தானத்திடம் காட்டினான். "உங்க அம்மாவுக்குப் புதன் கெரகம் சரியில்ல மாப்ள. மெஷினைக் கொற சொல்லாத" என்றான் அவன். மலையாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. வியாழக்கிழமை காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நேராகவே கேட்டான்.

"ஏம்மா, செவ்வாக்கெழம மெஷின் ஓடல. நாலணான்ன. நேத்து ஓடுச்சு. பன்னெண்டணாங்கிற. எப்பிடி?"

"நேத்து புதங்கெழமடா."

"அதுக்கு?"

ஒச்சம்மாள் அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். இது தெரியாத பிள்ளையையா பெற்றோம் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. "செவ்வா வெள்ளியில, வெளக்கு வைக்கிற நேரத்துல வந்து வலிக்குதா வலிக்குதான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? அன்னிக்கு வீட்டுல நல்ல வார்த்தைதான் நிக்கணும். நோவு, வலின்னு வாயால சொல்லுவாகளா?"

"அப்ப அந்த நாலணா பொய்யா?"

"பொய்யி எதுக்குச் சொல்றேன். ஒண்ணுமே இல்லைன்னுதான் சொல்லப் பாத்தேன். நீ நோட்டை விரிச்சு வச்சுக்கிட்டுப் பென்சிலோட உக்காந்திருந்தியா, பாவமா இருந்துச்சு. நாலணான்னு போட்டேன்."

அவன் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினான். மில்லில் எந்த மெஷினில் ஓடிய நூல் என்று தெரியாதபடி, வெறும் எண் கட்டித்தான் துண்டுகளை அவன் மேசைக்கு அனுப்புவார்கள். தெரிந்தால் பார்க்கிறவன் மனசு சாயும் என்பதற்காக. இங்கே சொல்கிறவளுக்கும் கிழமை தெரியும், எழுதுகிறவனுக்கும் தெரியும். மெஷின் வருவதற்கு முந்தைய ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை கேட்டிருந்தால்கூடப் போதும். கேட்கவில்லை. மற்ற நாட்களை மட்டும் தனியே எடுத்துக் கூட்டினான். முதல் வாரம் பதினோரணா. ஒன்பதாவது வாரமும் பதினோரணா.

அன்று வகுப்புக்குப் போகவில்லை. மெஷின் பயனற்றது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியுமா என்று யோசித்தான். முடியாது. ஒருத்தி, ஒன்பது வாரம், கோணலான கணக்கு. பயன் உண்டு என்று சொல்ல எப்படி வழியில்லையோ, அப்படியே இல்லை என்று சொல்லவும் வழியில்லை. ஆனால் வேறொன்று மனதை அறுத்தது. ஒன்பது வாரமாக அம்மா நடக்கவில்லை, மாத்திரை சாப்பிடவில்லை. மெஷினைச் சோதிக்க வேண்டும் என்று அதற்குச் சம்மதித்தவன் அவன்தான்.

சனிக்கிழமை மில்லில் லீவு சொல்லிவிட்டு அம்மாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். இரண்டு மாதத்தில் வரச் சொன்னது தவறிப்போயிருந்தது. டாக்டரம்மா சீட்டைப் படித்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "கையை மாரோட கட்டிக்கோங்க பாட்டி. எந்திரிங்க."

ஒன்று. இரண்டு. மூன்றாவது முறை பாதி எழுந்தவள் அப்படியே நின்று, சட்டென்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "போதும்மா" என்றாள் தானாகவே.

டாக்டரம்மா கோபப்படவில்லை. மலையாண்டி தடுமாறித் தடுமாறி எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். "ஒட்டாத எலும்பு முறிவுக்கு இந்த மாதிரி வளையம் வச்சு வெளிநாட்டுல பண்றாங்க, சிலருக்கு ஒட்டியிருக்குன்னு நானும் படிச்சிருக்கேன். எலும்பு இளைச்சதுக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் அது உதவுமான்னு உறுதியா எனக்குத் தெரியாது. ஒருவேளை உதவலாம். ஆனா கால் சும்மா கிடந்தா சதை வத்தும், எலும்பு இன்னும் இளைக்கும், அப்புறம் விழுவாங்க. அது எனக்குத் தெரியும். தெரியாததுக்காக தெரிஞ்சதை நிறுத்தினது தப்பு."

பஸ்ஸில் ஒச்சம்மாள், இறங்குகிற இடம் வருவதற்கு முன்னால், "மூணாவது தடவ எந்திரிக்கையில தொடை நடுங்குச்சுடா. கதிரு அறுத்த காலு" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மலையாண்டி, இனிமேல் மெஷின் வேண்டாம் என்றான்.

"அப்ப நான் எங்கயும் போக வேணாமா?"

"நடக்கப் போகணும்."

"எங்கிட்டு? நீ காலையில ஏழு மணிக்குப் போனா ராத்திரி ஒம்போதரைக்கு வார. நடுவுல ஒரு காப்பி. இந்தச் செவத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன். அங்க போனா மெஷின்காரரு பொஞ்சாதி ரங்கநாயகி இருக்கா, நாலு பொம்பளைக வாராக. காலை வளையத்துக்குள்ள விட்டுட்டு வாயைத் திறந்தா ஒரு மணி நேரம் போறது தெரியாது. வலிக்குதா குறையுதான்னு நான் அங்க பாக்கவே இல்லடா."

நோட்டில் இதற்குப் பத்தி இல்லை. எழுதுவதா வேண்டாமா என்றும் அவனுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஜனகராஜ் வீட்டுக்குப் போனான். நோட்டில் புதிதாகக் கிழமைப் பத்தி ஒன்று சேர்த்திருந்தான். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனவன், அவர் முகத்தைக் கண்டதும் மறந்துபோய், நோட்டை நீட்டிவிட்டு நின்றான். ஜனகராஜ் விரலால் வரிவரியாகத் தொட்டுக்கொண்டு படித்தார். ஸ்டூல் கதையையும் கேட்டார்.

"நான் பொய் சொல்லல தம்பி" என்றார். "ரங்கநாயகி கால் ஒன்பது மாசமா ஒட்டல. வளையம் வச்ச நாலாவது மாசம் ஒட்டுச்சு. எக்ஸ்ரே இருக்கு, எடுத்துக் காட்டுறேன்."

"பொய்யின்னு நான் சொல்லலண்ணே. டாக்டரம்மாவும் ஒட்டாத எலும்புக்குச் சரிங்கிற மாதிரித்தான் சொன்னாக. எங்க அம்மாவுக்கு எலும்பு ஒடைஞ்சு ஒட்டாமக் கெடக்கல, இளைச்சுப்போய்க் கெடக்கு. அது வேற இல்லையா? அதோட..." அவன் தயங்கினான். "நடக்க வேணாம்னு எதுலண்ணே படிச்சீக?"

ஜனகராஜுக்கு அலமாரியில் இருந்த பத்திரிகையின் பக்கம் கை போயிற்று, பாதியில் நின்றது. எழுந்து கடைப்பக்கம் போய், மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த மோட்டார் ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"புதுசா காயில் கட்டினதும் வார்னிஷ் ஊத்திக் காயவைப்போம். நல்லாக் காயுற வரைக்கும் ஓட்டக்கூடாது. ஓட்டினா எரிஞ்சிரும்." மோட்டாரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "அதுல இருந்துதான் சொல்லியிருக்கேன் போல. இருபது வருஷமா மோட்டார் கொண்டு வர்ற எல்லார்கிட்டயும் அதையே சொல்லிச் சொல்லி..." என்றார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி ரங்கநாயகி தங்கள் சௌராஷ்டிர பாஷையில் ஏதோ சொன்னாள். ஜனகராஜ் திடுக்கிட்டுத் திரும்பினார். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, எல்லோருக்கும் புரியட்டும் என்று தமிழில் மறுபடி சொன்னாள்.

"எனக்கும் காலை அசைக்காதன்னுதான் சொன்னாரு. யாரு கேட்டா? குழாயில தண்ணி யாரு பிடிக்கிறது? இவரு கடைக்குப் போனதும் கம்பை ஊனிக்கிட்டு நடந்துக்கிட்டேதான் இருந்தேன்."

"நாலு மாசமுமா?" என்றார் ஜனகராஜ்.

"நாலு மாசமும்."

ஒச்சம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். ஜனகராஜுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் சிரிப்பு வந்தது. வந்தபின்னும் அது முழுச் சிரிப்பாக இல்லை. "அப்ப ஒட்டினது வளையத்துலயா, நடையிலயா?"

"தெரியலண்ணே" என்றான் மலையாண்டி. "உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

ஜனகராஜ் நோட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "இது இப்படியே இங்க இருக்கட்டும். கிழமையோட இருக்கட்டும். உங்க பெரியம்மா வந்தா நானே படிச்சுக் காட்டுறேன். ஒடைஞ்சு ஒட்டாம யாராவது வந்தா, டாக்டரைக் கேட்டுக்கிட்டு வளையம் வைக்கிறேன். மத்தவங்களுக்கு எனக்குத் தெரியலைன்னு சொல்லிடுறேன். நடக்கச் சொல்லி அனுப்புறேன்." நோட்டை அலமாரியில் வைத்துக்கொண்டே, "தெரியலைன்னு சொன்னா யாரும் வருவாங்களான்னுதான் தெரியல" என்றார்.

"நான் வருவேன்" என்றாள் ஒச்சம்மாள். "வளையமும் வேணாம், ஒண்ணும் வேணாம். ரங்கநாயகி இருந்தாச் சரி."

"ரிக்‌ஷால வந்தீங்கன்னா கதவைத் தெறக்கமாட்டேன்" என்றாள் ரங்கநாயகி. "கல்பாலம் வரைக்கும் நான் எதுக்க வாரேன். நடந்து வாங்க."

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அம்மாவும் மகனும் செல்லூர்ப் பக்கமிருந்து, ஆற்றைக் கடக்கும் தாழ்வான கல்பாலத்தில் இறங்கினார்கள். வைகையில் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடை போல் போய்க்கொண்டிருந்தது. வண்ணார்கள் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். மலையாண்டி அம்மாவுக்கு அரை அடி பின்னால், பிடிக்கிற மாதிரியும் பிடிக்காத மாதிரியும் கையை வைத்துக்கொண்டு நடந்தான். இதிலும் தப்பு செய்கிறோமோ, பாதி வழியில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று ஓடிக்கொண்டிருந்தது.

பாதி வழியில் அவள் நின்றாள். உட்கார அங்கே இடம் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் பார்த்தாள். முன்னால், சிம்மக்கல் கரையில், ரங்கநாயகியின் மாம்பழ நிறப் புடவை சின்னதாகத் தெரிந்தது.

"நடு ஆத்துல கொண்டாந்து விட்டுட்டியேடா" என்றாள்.

"வலிக்குதாம்மா?"

"வலிக்காம என்ன செய்யும். நல்லாத்தான் வலிக்குது."

அவன் கையை நீட்டினான். அவள் பிடிக்கவில்லை. கண்டாங்கிச் சேலையை இடுப்பில் ஒரு சுற்று இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

"திரும்புனாலும் இம்புட்டுத் தூரந்தான். போனாலும் இம்புட்டுத் தூரந்தான். நீ மில்லுக்குப் போ, நேரமாச்சு. அவ நின்னுக்கிட்டு இருக்கா."

சொல்லிவிட்டு வலது காலை எடுத்து வைத்தாள். அப்புறம் இடது காலை.